கையால் கொடுத்த மூச்சு



பெரியாஸ்பத்திரியில் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி தோட்டத்துக்கு வந்ததும் லயத்தில் எழும் முதல் பேச்சு என்ன? "மெஷினில் போட்டுவிட்டார்களாம், இனி அவ்வளவுதான்" என்பதே. குழாய் வைக்கச் சம்மதம் கேட்டபோது கையெழுத்திடத் தயங்கி நின்ற குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த மெஷினுக்கு முன்னால் அங்கே மனிதக் கைகள் இருந்தன. அந்த வரலாற்றை அறிய, டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனுக்கு, 1952ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அவ்வாண்டுக் கோடையில் அந்நகரில் இளம்பிள்ளைவாதம், அதாவது போலியோ, கடுமையாகப் பரவியது. போலியோ என்றால் கால் சூம்பிய பிள்ளைகளே நமது மூத்தோரின் நினைவுக்கு வருவர். ஆனால் கிருமி மூளையின் அடித்தண்டைத் தாக்கிவிட்டால் விழுங்கும் தசைகள் செயலிழந்துவிடும். எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிட்டால் நோயாளி மூச்சு முட்டி மாள்வார்.

நோயாளிகள் பிளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனையில் வந்து குவிந்தனர். அங்கே உடலைப் பெட்டிக்குள் வைத்து மூச்சு வாங்கச் செய்யும் 'இரும்பு நுரையீரல்' ஒன்றே ஒன்று இருந்தது. மார்பில் கவசம்போல் பூட்டும் கருவிகள் ஆறு இருந்தன. இக்கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோயினர். அவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர்.

தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்பவரை ஆலோசனைக்கு அழைத்தார். இப்சன் அறுவை சிகிச்சையின்போது மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவர். அக்காலத்தில் அத்தகையோருக்கு அறுவைக் கூடத்துக்கு வெளியே வேலையில்லை. அவரை அழைத்த லாசனின் பெருந்தன்மையையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருந்த மாற்றத்துக்கு மற்றவர்கள் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தனர். வெளியேற வேண்டிய கரியமிலவாயு உடலிலேயே தங்குகிறது, இவர்களுக்குக் காற்று போதவில்லை என்றார் இப்சன்.

ஆகஸ்டு 27ஆம் நாள் அவரிடம் 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஒப்படைக்கப்பட்டாள். கை கால்கள் அசையவில்லை. தன் எச்சிலிலேயே அவள் மூழ்கிக்கொண்டிருந்தாள். குரல்வளைக்குக் கீழே துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். குழாயோடு ஒரு ரப்பர் பையை இணைத்து அழுத்தினார் இப்சன். (ரப்பர் என்ற சொல் நம்மவர் காதில் சற்று வேறாகத்தான் விழும்.) சிறுமி திணறிப் போராடினாள், காற்று உள்ளே இறங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் நம்பிக்கையிழந்து ஒவ்வொருவராக வெளியேறினர். இப்சன் உறக்க மருந்தைச் செலுத்தினார். உடல் தளர்ந்தது. இப்போது பையை அழுத்தினால் மார்பு உயர்ந்தது, விட்டால் தாழ்ந்தது. முகத்தில் நிறம் திரும்பியது. மீண்டும் பழைய மார்புக் கருவியைப் பூட்டிப் பார்த்தார்கள், நிலை மோசமாயிற்று. பைக்குத் திரும்பியதும் தேறினாள்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் பையை அழுத்த ஆள் வேண்டுமே! ஒரு நோயாளிக்கு இரவும் பகலும், வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் அழுத்த வேண்டும். மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்தார்கள். ஒரே நேரத்தில் 70 நோயாளிகளுக்குக் கையால் மூச்சு கொடுக்கப்பட்ட நாள்களும் உண்டு. முறை முடிந்தாலும், அடுத்தவர் பையைத் தம் கையில் வாங்கும்வரை இருப்பவர் எழுந்திருக்க முடியாது. தொண்டையில் குழாய் இருப்பதால் பிள்ளைகளால் பேச முடியாது. மாணவர்கள் அவர்களுடைய உதட்டசைவைப் படிக்கக் கற்றார்கள். கதை வாசித்துக் காட்டினார்கள். கையில் பை இருக்கும்போதே பிள்ளை இறந்துபோவதையும் பார்த்தார்கள். இருபது வயது தாண்டாத சிலருக்கு அது தாங்கக்கூடியதாக இல்லை.

நூற்றுக்கு 87 பேர் என்றிருந்த இறப்பு, பாதிக்கும் கீழே இறங்கியது.

1953 டிசம்பரில் இப்சன் கோப்பன்ஹேகன் நகர மருத்துவமனையில், மூச்சும் இரத்த ஓட்டமும் தவறும் நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து, தாதியர் கண்காணிப்பில் பார்த்துக்கொள்ளும் கூடம் ஒன்றைத் தொடங்கினார். இன்று நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுவே என்பர். மாணவர்கள் கையால் செய்ததைப் பின்னர் பொறிகள் ஏற்றுக்கொண்டன. சுவீடன் நாட்டு மருத்துவர் எங்ஸ்ட்ரோம் அமைத்த பொறி அவற்றுள் முதன்மையானது. பொறி நோயைத் தீர்ப்பதில்லை. உடல் தானே தேறும்வரை, அந்த மாணவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை, 1952லும் அப்படித்தான்.

பை மட்டும் மறையவில்லை. அழுத்திவிட்டால் தானே விரியும் பை 1956ல் அதே டென்மார்க்கில் வந்தது. ஆம்புலன்சில் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து ஒருவர் அழுத்திக்கொண்டே வருகிறாரே, அதன் வழிவந்ததுதான்.

அந்தச் சிறுமி 1959ல் வீடு திரும்பினாள். கை கால்கள் திரும்பவில்லை. மூச்சுக்குப் பொறியின் துணையும் தேவைப்பட்டது. 1971 வரை வாழ்ந்தாள்.