முப்பது வருஷம் மனசுல வச்சிருந்த காரியம்



நம்மில் நிறைய பேர் மாசமா இருந்தப்போ கிராம செவிலியர் அக்கா நீட்டின படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். எனக்கு இரண்டாவது குழந்தைக்கு 12 ஆயிரம் ரூபாய் வந்தது, மூன்று தவணையாக. இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18 ஆயிரம். அந்தத் திட்டத்துக்குப் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். யார் அந்த முத்துலட்சுமி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மலருக்குக் கட்டுரை எழுதணும் என்று கூட்டமைப்பில் சொன்னப்போதான் அவரைப் பற்றித் தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களிடம் சொல்லணும்னு தோணுது.

அவர் 1886-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, கல்லூரி ஆசிரியர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்று போனது. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் படிப்பு நிற்கவில்லை, வீட்டிலேயே தொடர்ந்தது. மெட்ரிக் பரீட்சையில் தேறின பிறகு ஆண் பிள்ளைகள் மட்டும் படிச்ச மன்னர் கல்லூரியில் சேரக் கேட்டார். எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்ததால் சேர முடிந்தது. அந்தக் கல்லூரியில் முதல் பெண் மாணவி அவர்தான்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே வரக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் சம்மதித்தார். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். வீடு, பிள்ளைகள், நோயாளிகள் என்று நம்மைப் போலவே ஓய்வில்லாத வாழ்க்கை.

அந்த நேரத்தில்தான் அவருடைய தங்கைக்கு வயிற்றில் உபாதை வந்தது. முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அது மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1920-களின் ஆரம்பத்தில் தங்கை இறந்து போனார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கு என்று தனியாக ஒரு ஆஸ்பத்திரி கட்டியே தீருவது என்று அப்போது மனசில் முடிவு பண்ணினார். அவருக்கு வயசு முப்பத்தஞ்சைத் தாண்டியிருக்கும். இதை எழுதுகிற எனக்கும் கிட்டத்தட்ட அந்த வயசுதான்.

அந்த ஆஸ்பத்திரி திறந்தது 1954-ல். நடுவில் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதலில் படிக்கப் போனார். 1925-ல் குடும்பத்தோடு லண்டன் போய், பெண்கள் நோய் பற்றி மேல்படிப்புப் படித்தார். அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் கற்றுக்கொண்டார். எந்தக் காரியத்தை எடுத்தோமோ அதற்கு வேண்டிய வித்தையை முதலில் கற்றார்.

திரும்பி வந்ததும் வேறு பொறுப்புகள் தேடி வந்தன. சென்னை மாகாண சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர் ஆனார். 1927-ல் அந்தச் சபைக்குத் துணைத் தலைவர் ஆனார். பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுகிற வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்தச் சட்டம் முழுசாக வருவதற்கு 1947 ஆயிற்று. 1930-ல் காந்தியடிகளைக் கைது பண்ணினதைக் கண்டித்துப் பதவியை விட்டார். தேவதாசி குலத்துப் பெண் பிள்ளைகள் சிலர் தங்க இடமில்லாமல் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அது நடக்கிறது.

இத்தனை வேலைக்கு நடுவில் ஆஸ்பத்திரி எண்ணம் என்ன ஆனது? விடவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் எழுந்து, புற்றுநோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று பலபேர் முன்னால் கேட்டார். அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றால் சாவுதான் என்ற எண்ணம் படித்தவர்களிடமே இருந்தது. சாகப் போகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்று நினைத்தார்கள். உதவி உடனே கிடைக்கவில்லை. அப்புறம் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். நாம் சந்தா சேர்க்கிற மாதிரி, ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கின காசு அது.

1952-ல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தமே 12 படுக்கைதான். அன்றைக்கு அவருக்கு 67 வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே வேலை பார்த்தார். மறு வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்து, 2021-ல் இறக்கும் வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்காகவே வாழ்ந்தார். முத்துலட்சுமி 1968-ல் இறந்தார். அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. 12 படுக்கையோடு தொடங்கின இடத்துக்கு இன்றைக்கு நாட்டின் பல ஊர்களில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர் பிறந்த நாளைத்தான் தமிழ்நாட்டில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்கா ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்து ரத்தம் பட்டது. அறுப்பு முடியட்டும், மகள் வளைகாப்பு முடியட்டும், லோன் தவணை கட்டி முடியட்டும் என்று தள்ளிப் போட்டாங்க. கூட்டத்தில் எங்களிடம்கூட சொல்லவில்லை. போன வருஷம் அவங்க இல்லாமல் போயிட்டாங்க. ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து தீர்மான நோட்டில் கைநாட்டு வைத்தவங்க. நாங்களும் கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

முத்துலட்சுமி அம்மா தன் காரியத்தை மனசோடு வைத்துக்கொள்ளவில்லை. பலபேர் கேட்கச் சொன்னார். வேண்டியதைக் கற்றார். வேறு வேலை வந்தப்போ அதையும் செய்தார், இதையும் மறக்கவில்லை. தனியாகச் செய்ய முடியாததைச் சங்கத்தோடு சேர்ந்து செய்தார். நமக்கும் சங்கம் இருக்கிறது. ஆடு வாங்க, வீடு கட்ட, பிள்ளைகள் படிப்புக்கு என்று கடன் கேட்கும்போது வாய் திறந்து சொல்கிறோம். நமக்கென்று ஒன்று வேண்டும்போது மட்டும் சொல்வதில்லை.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொரு உறுப்பினரும் அஞ்சு வருஷத்தில் தனக்காகச் செய்ய நினைப்பதை எழுதி வைக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். வருஷம் ஒருமுறை படித்துப் பார்ப்போம். முப்பது வயசைத் தாண்டினவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். குழுவாகச் சேர்ந்தே போய் வரலாம். தனியாகப் போகத்தான் கூச்சம்.

நான் முதலில் எழுதிவிட்டேன். பத்தாவதோடு நின்ற நான் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுத வேண்டும். எங்க வீட்டில் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நோட்டில் எழுதியாச்சு, நீங்கள் எல்லோரும் படித்தாச்சு. இனிமேல் அது என் மனசோடு போகிற விஷயம் இல்லை.