குழந்தைகளுக்கான ஒட்டுச் சோதனை

தோலில் பட்ட பொருளால் வரும் ஒவ்வாமையை, அதே பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டிவைத்துக் கண்டறியும் முறை ஒட்டுச் சோதனை. மருத்துவமனைகளில் பேட்ச் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள். தும்மல், ஆஸ்துமா, உணவு ஒவ்வாமை ஆகியவற்றுக்காக ஊசியால் தோலைக் கீறி, கால் மணி நேரத்தில் தடிப்பைப் பார்க்கும் சோதனை வேறு. ஒட்டுச் சோதனை தேடுவது மெதுவாக வரும் ஒவ்வாமையை: தோடு போட்ட காது நீர் கோத்துப் புண்ணாவது, பொட்டு வைத்த இடம் மட்டும் தடித்து அரிப்பது போன்றவற்றை. பெரியவர்களுக்கு இச்சோதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு இது வழக்கமாவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. சிறு பிள்ளைகளின் நோய் எதிர்ப்பாற்றல் முதிராதது, அவர்களுக்குத் தொடு ஒவ்வாமை அரிதாகவே வரும் என்று மருத்துவர்கள் நீண்டகாலம் நம்பியதே இதற்கு முக்கியக் காரணம்.

இச்சோதனைக்கு முன்னோடியான ஒரு முயற்சி 1847இல் நடந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஸ்டேடெலர், முந்திரி ஓட்டின் எண்ணெயை ஒற்றுத்தாளில் தடவி மனிதத் தோலில் வைத்து, அது உண்டாக்கும் புண்ணை அப்படியே வரவழைத்துப் பார்த்தார். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைப் பொத்துவிக்கும் அதே எண்ணெய்தான். ஆனால் ஒட்டுச் சோதனையின் தந்தை என்ற பெயர் யோசெப் யாடசோனுக்கு உரியது. பிரெஸ்லாவ் நகரில் தோல் மருத்துவராக இருந்த அவர், பாதரசக் களிம்பால் தோல் கெட்ட ஒருவருக்குப் பாதரசம் கலந்த பிளாஸ்திரியை ஒட்டினார். ஒட்டிய இடத்தில் மட்டும் அழற்சி வந்தது. 1895இல் கிராஸ் நகரில் நடந்த ஜெர்மானியத் தோல் மருத்துவர் மாநாட்டில் இதை விவரித்தார். அவருக்குப் பின் சுவிட்சர்லாந்தில் புரூனோ பிளாக் இம்முறையை ஒழுங்குபடுத்தினார். பிளாக்கிடமும் யாடசோனிடமும் பயின்ற மேரியன் சல்ஸ்பெர்கர் அதை அமெரிக்காவில் பரப்பினார். கோபன்ஹேகனில் போல் பொன்னவி 1939இல் 21 பொருள்கள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டார். எல்லா நோயாளிக்கும் ஒரே அடிப்படைப் பட்டியல் என்ற இன்றைய வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது.

குழந்தைகளைப் பற்றிய நம்பிக்கை தவறு என்பதற்கான சான்று 1931இலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவில் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர், பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களின் தோலில் நச்சுப்படர்கொடியின் சாற்றை வைத்தார். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி வைத்தபோது பெரும்பாலான சிசுக்களுக்கு அழற்சி வந்தது. அறியாப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே ஒவ்வாமையை உண்டாக்கிய இந்த ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அத்தனை விலை கொடுத்துக் கிடைத்த உண்மையைக்கூட மருத்துவ உலகம் நெடுங்காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இன்னும் வேதனை. பிள்ளைக்கு வந்த அழற்சி எல்லாம் பிறவி ஒவ்வாமைத்தோல், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பும் பழக்கம் தொடர்ந்தது.

தொடு ஒவ்வாமை இரண்டு கட்டமாக வருகிறது. நிக்கல், வாசனைப் பொருள் போன்றவற்றின் மிகச் சிறிய கூறுகள் மேல்தோலுக்குள் புகுந்து உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலிலுள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போகின்றன. அங்கே டி செல்கள் அப்பொருளை அடையாளம் வைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு அதே பொருள் பட்டால் ஓரிரு நாளில் அழற்சி கிளம்பும். இவ்வகை ஒவ்வாமை குருதிநீரால் அன்றிச் செல்களால் கடத்தப்படுகிறது என்பதை லாண்ட்ஸ்டைனரும் சேஸும் 1942இல் கினிப்பன்றிகளில் நிறுவினார்கள்.

சோதனைக்கான கருவி 1970களில் நிலைபெற்றது. பின்லாந்தின் வெய்க்கோ பிரிலா உருவாக்கிய பின் சேம்பர் என்பது 8 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் கிண்ணி. வாசலினில் குழைத்த சோதனைப் பொருளை அதில் சுமார் 20 மில்லிகிராம் வைத்து, வரிசையாகப் பிளாஸ்திரியில் பதித்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து, பேனாவால் குறியிட்டு, அன்றும் மூன்றாம் அல்லது நான்காம் நாளிலும் பார்ப்பார்கள். சில பொருள்களுக்கு ஏழாம் நாளும் பார்க்க வேண்டும். சிவந்து தடித்தால் ஒரு கூட்டல் குறி, சிறு கொப்புளம் கண்டால் இரண்டு, கொப்புளங்கள் ஒன்று சேர்ந்தால் மூன்று. பொருளின் செறிவு பெரும்பாலும் பெரியவர்களுக்கு உள்ளதேதான். மாறுவது இடம். மூன்று வயதுப் பிள்ளையின் முதுகு சிறியது. அதில் எந்தப் பொருள்களை வைப்பது, எவற்றை விடுவது என்பதைப் பெற்றோரிடம் துருவித் துருவிக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது, பிள்ளை ஓடி விளையாடி வியர்க்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் இதுவே பெரும்பாடு. வியர்வையில் பிளாஸ்திரி கழன்றால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில் 1990களின் நடுவில் எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சோதித்தபோது 15.2 விழுக்காட்டினருக்குத் தொடு ஒவ்வாமை இருந்தது. நிக்கலுக்கு மட்டும் 8.6 விழுக்காடு. சிறுவர்களைவிடக் காது குத்திய சிறுமியரிடமே அது மிகுதி. தோலில் படும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்கு டென்மார்க் அதற்கு முன்பே, 1990 வாக்கில், வரம்பு விதித்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் அதைப் பின்பற்றியது. ஒரு சதுர சென்டிமீட்டரில் வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது. சட்டத்துக்குப் பின் காது குத்திக்கொண்ட டேனிஷ் சிறுமியரிடம் நிக்கல் ஒவ்வாமை குறைந்தது. ஒட்டுச் சோதனையின் வரலாற்றில் இதைவிட நல்ல செய்தி இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்தியாவில் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் நாட்டுக்கென்று வகுத்த இந்தியத் தர வரிசையில் பார்த்தீனியச் செடி இடம்பெறுகிறது. 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்த இக்களை பின்னர் நாடெங்கும் தோல் அழற்சியைப் பரப்பியது. ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள பிசின், கவரிங் நகையின் நிக்கல், விரைவில் கறுப்பாக நிறம் பிடிக்கச் சேர்க்கும் பாரா பினைலீன் டையமின் கலந்த மெஹந்தி கோன் எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளின் தோலைத் தொடுபவையே. அரைத்து வைக்கும் மருதாணி இலை அரிதாகவே ஒவ்வாமை தரும். கறுப்பு மெஹந்தியில் ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிற்காலத்தில் தலைச்சாயமும் ஆகாது. அத்தகைய பிள்ளைக்கு அப்பொருளை இரண்டு நாள் ஒட்டிவைத்தால் கடும் புண்ணாகலாம் என்பதால் நேரத்தையும் செறிவையும் குறைத்துச் சோதிக்கிறார்கள்.

பின்னர் சோதனை புதிய பொருள்களையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள்களிலுள்ள மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி, வாயைச் சுற்றியும் பிட்டத்திலும் தீராத அழற்சியைத் தந்ததை 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். தோலில் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதை ஐரோப்பா 2017இல் தடை செய்தது. தடுப்பூசியிலுள்ள அலுமினியத்தால் தொடையில் அரிக்கும் கட்டி வந்த சுவீடன் பிள்ளைகள் பலருக்கு அலுமினியமே ஒவ்வாமை என்று தெரிந்தது. அவர்களுக்கு அலுமினியக் கிண்ணியே தவறான முடிவைத் தரும் என்பதால் பிளாஸ்டிக் கிண்ணி வேண்டும். கட்டி நாளடைவில் மறைகிறது. தடுப்பூசியை நிறுத்த அது காரணமாகாது.

முன்கூட்டியே சோதனைப் பொருள்களைப் பதித்து வரும் ட்ரூ டெஸ்ட் பட்டைக்கு, 6 முதல் 17 வயது வரையானவர்களிடம் பயன்படுத்த அமெரிக்க அரசு 2017இல்தான் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், சர்க்கரை அளவைப் பார்க்கக் கையில் ஒட்டும் உணரியில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் ஒவ்வாமை தருவது ஒட்டுச் சோதனையால் வெளிப்பட்டது. டைப் 1 நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு அந்த உணரியைக் கழற்றிவிடு என்று சொல்லிவிட முடியாது. உணரியின் பின்வந்த பதிப்புகளில் அந்த வேதிப்பொருள் நீக்கப்பட்டது.