சூதாட்ட இலாபம் யாருக்குச் சொந்தம்?

2006ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. வாஷிங்டன் அரசியல் தரகர் ஜாக் அப்ரமொஃப் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. கசினோ நடத்திய அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து அவரும் கூட்டாளியும் 80 மில்லியன் டொலருக்கு மேல் கறந்திருந்தனர். இளம் உதவி ஆசிரியர் ஒருவர் "இந்தியர்களை ஏமாற்றிய அமெரிக்கர்" எனத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் வாசகர் ஒருவர் தொலைபேசியில், "ஏமாந்தவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டோ?" என்று கேட்டார். அவருக்கு விளக்க முற்பட்டபோதுதான், இம்மக்களுக்குக் கசினோ நடத்தும் உரிமை எவ்வாறு வந்தது என்பது எனக்கே தெரியாது என்பதை உணர்ந்தேன்.

அக்கதை ஒரு வரிச் சிட்டையில் தொடங்குகிறது. மினசோட்டா மாநிலத்தின் லீச் லேக் பழங்குடி நிலத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் நகரும் வீட்டுக்கு மாவட்ட நிர்வாகம் 147 டொலர் 95 சதம் வரி கேட்டது. குடும்பம் வழக்காடியது. அந்நிலத்தில் அவர்கள்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு வழங்கப்படவில்லை என 1976இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வரி மட்டுமன்றி, மாநிலத்தின் ஒழுங்குவிதிகளும் அங்கு செல்லாது என்ற பொருள் அத்தீர்ப்பில் பொதிந்திருந்தது.

அதனைப் பற்றிக்கொண்டு 1979இல் புளோரிடாவின் செமினோல் பழங்குடியினர் பெரும் பரிசுகளுடன் பிங்கோ மண்டபம் திறந்தனர். கலிபோர்னியாவின் கபசோன் பழங்குடியினரோ வெறும் 25 உறுப்பினர்கள். அவர்களது சீட்டாட்ட, பிங்கோ மண்டபங்களை மூட மாநிலம் முயன்றது. தானே லொத்தர் நடத்தும் மாநிலம் சூதாட்டத்தைத் தடைசெய்திருப்பதாக எவ்வாறு கூறலாம் என்பதே கேள்வி. 1987இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் பழங்குடியினர் பக்கம் நின்றது. தருமர் சூதாடி நாட்டை இழந்தார். இவர்கள் நாட்டை இழந்த பின்னரே சூதாட்ட மண்டபம் திறந்தனர்.

மறு ஆண்டே வந்த பழங்குடிச் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் சட்டத்தை அரசு கொடுத்த சலுகை என்று பலர் எழுதுகின்றனர். அது பிழை. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உரிமைக்கு இடப்பட்ட கடிவாளமே அச்சட்டம். ஆயினும் அதில் நான் மெச்சுவது ஒன்றுண்டு. உரிமையாளர் பழங்குடிச் சமூகமே. இலாபம் அதன் நிர்வாகம், மக்கள் நலன், பொருளாதார மேம்பாடு, அறக்கொடை, உள்ளூராட்சிச் செலவு ஆகியவற்றுக்கே செல்லவேண்டும். உறுப்பினர்களுக்குப் பணமாகப் பங்கிடுவதற்கும் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் தேவை. எமது கொழும்பில் இலாபம் முதலாளிக்கு, வரி திறைசேரிக்கு.

ஆனால் ஏட்டில் உள்ளது வேறு, கையில் கிடைப்பது வேறு. பெருங்கசினோக்களுக்கு மாநிலத்துடன் உடன்படிக்கை வேண்டும் என்றது சட்டம். கனெக்டிகட்டில் பீக்குவட் பழங்குடியினர் 1992இல் ஃபொக்ஸ்வுட்ஸ் கசினோவைத் திறந்தபோது முதலீட்டுக்கு அமெரிக்க வங்கிகள் முன்வரவில்லை. பணம் தந்தவர் மலேசியாவின் கெந்திங் மலையை உருவாக்கிய லிம் கோ தோங். நாணய இயந்திர வருவாயில் 25 சதவீதம் மாநிலத்துக்குச் சென்றது. இணங்க மறுக்கும் மாநிலத்தின்மீது வழக்கிடும் வழியையும் 1996இல் உச்ச நீதிமன்றம் அடைத்தது.

அப்ரமொஃபின் கைவரிசைகளில் என்னை உலுக்கியது டெக்சாஸின் திகுவா பழங்குடியினர் கதை. அவர்களது கசினோவை மூடவைக்க மறைமுகமாக வேலை செய்தவர் அவர். 2002இல் அது மூடப்பட்டதும், திறந்து தருகிறேன் என்று அவர்களிடமே சென்றார். அவரது கூட்டாளியின் நிறுவனத்துக்கு 4.2 மில்லியன் டொலர் கொடுத்தனர். கதவு திறக்கவில்லை.

திகுவாக்கள் ஓயவில்லை. மாநிலம் முற்றாகத் தடைசெய்யாத பிங்கோவைப் பழங்குடி நிலத்தில் டெக்சாஸ் தடுக்கமுடியாது என 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5க்கு 4. ஒரேயொரு நீதிபதியின் வித்தியாசம்.