ஒரு பல்லின் விலை

திருவேங்கடம் என்ற பெயருக்குள் ஒரு மலை இருக்கிறது. ஊருக்குள் வந்து பார்த்தாலோ காலடியில் கரிசல் மண்தான். சங்கரன்கோவில் பக்கம் போனாலும் சரி, கோவில்பட்டி பக்கம் போனாலும் சரி, சாலை சோம்பேறியைப் போல் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். அந்தச் சாலையில் ஓடி ஓடி எனக்கு ஒரு ஆசை பிறந்துவிட்டது. என்னுடைய பழைய புல்லட் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே இப்படி இரைகிறதே, இரைச்சல் இல்லாமல் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடாதா என்பதுதான் அந்த ஆசை.

கடைத்தெருவில் இருந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார்.

"பல்லை மாத்திருவோம், அண்ணாச்சி" என்றார்.

என் கை தானாகவே என் தாடைக்குப் போயிற்று. அவர் சொன்னது பற்சக்கரத்தின் பல்லை!

விஷயம் இதுதான். எஞ்சினின் சக்தி கியர் பெட்டிக்குள் போய், அதன் வெளிப்பக்கமுள்ள ஒரு சின்னப் பற்சக்கரத்தின் வழியாக வெளியே வருகிறது. அங்கிருந்து சங்கிலி அதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. என் வண்டியில் முன்னால் 16 பல், பின்னால் 38 பல். பின்னால் உள்ளது பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அதைத் தனியாகக் கழற்ற முடியாது. ஆகையால் முன்னால் உள்ளதைத்தான் மாற்ற வேண்டும். அதுவும் எளிதில் அகப்படாது. இடது பக்கத்து மூடியைத் திறந்து, எண்ணெயை வடித்து, உள்சங்கிலியையும் கிளட்சையும் கழற்றினால்தான் கண்ணிலேயே படும்.

16 பல் சக்கரத்தை எடுத்துவிட்டு 18 பல் சக்கரத்தை மாட்டினார். கணக்கு எளிது. எஞ்சின் அதே கதியில் சுற்றினாலும், அறுபதில் ஓடிய வண்டி அறுபத்தேழரையில் ஓடும். எட்டில் ஒரு பங்கு வேகம் லாபம். ஆனால் பேரேட்டில் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டல்லவா? பின்சக்கரத்தை இழுக்கும் பலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு நஷ்டம். மெக்கானிக் இதையும் சொன்னார். லாபக் கணக்கைக் கேட்ட காது, நஷ்டக் கணக்கைக் கேட்கவில்லை.

ஒரு மாதம் ராஜ யோகம்தான். பிறகு ஆனி மாதம் வந்தது. குற்றாலத்தில் சாரல் என்று செய்தி வந்தது. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அருவியில் குளித்ததோடு திரும்பியிருக்கலாம். செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவு வரை போய் வருவோம் என்று எனக்குப் புத்தி போயிற்று. மலை வளைவுகளில் வண்டியின் குணம் மாறிவிட்டது. நான்காவது கியர் அலங்காரத்துக்கு. மூன்றாவது இழுக்கவில்லை, எஞ்சின் கடகடவென்று தட்டியது. இரண்டாவதுக்கு வந்தால் வண்டி ஓலமிட்டது.

"நான் வேணும்னா இறங்கி நடந்து வரட்டுமா?" என்றாள் மனைவி. அதில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. என்னைவிடப் பெரியவர்களெல்லாம் இதே இடத்தில் மூச்சு முட்டி நின்றிருக்கிறார்கள்.

சங்கிலி வருவதற்கு முந்தைய சைக்கிளில், முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல் இருந்தது. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆசாமியின் கால் எட்டுகிற அளவுதான் அதற்கு எல்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் உருளைச் சங்கிலியைச் செய்தார். 1885-இல் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதில் சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. அன்றிலிருந்து வேகத்தை நிர்ணயிப்பது கால் நீளமன்று, பல்லின் எண்ணிக்கை.

ஆனால் மோட்டார் சைக்கிள் செய்தவர்களில் பலர் வெகுகாலம் தோல்வாரையே நம்பினார்கள். மழையில் அது வழுக்கும். கியரும் பெரும்பாலும் ஒன்றுதான். மேடு வந்தால் பெடலை மிதிப்பார்கள், அல்லது இறங்கி வண்டியோடு கூடவே ஓடுவார்கள். 1911-இல் மான் தீவுப் பந்தயத்தை, ஸ்னேஃபெல் மலையைத் தழுவி ஏறும் முப்பத்தேழரை மைல் பாதைக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு பெரிய பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்றது ஓர் அமெரிக்க வண்டி. அதன் பெயரே 'இந்தியன்'! ஆலிவர் காட்ஃப்ரே என்பவர் முதலில் வந்தார். அந்த வண்டிக்கு முழுவதும் சங்கிலி, இரண்டு கியர். மேட்டுக்கு ஒரு கணக்கு, சமதரைக்கு ஒரு கணக்கு. தோல்வார்க்காரர்களுக்கு அன்று பாடம் புரிந்தது.

நம் பக்கத்து மலையிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு 1904-இல் மலை வழியாக மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அந்த ஏற்றத்துக்கு ஓர் எஞ்சின் போதாமல், பின்னால் இன்னோர் எஞ்சினை வைத்துத் தள்ளினார்கள். 2018-இல் அகலப் பாதையாகிவிட்டது, ஏற்றம் குறைந்துவிடவில்லை. ரயிலுக்கு இன்னோர் எஞ்சின் கிடைக்கும். மோட்டார் சைக்கிள்காரனுக்குப் பல்லை விட்டால் வேறு கதியில்லை.

புல்லட்டின் சரித்திரமும் மலையை ஒட்டியதுதான். இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது. பந்தயம் ஓட அன்று; மூட்டையோடும் ஆளோடும் மெதுவாக, விடாமல் இழுக்க. அதற்காகவே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் வேகமான புதுப்புது வண்டிகளைச் செய்து பார்த்தார்கள். 1970-இல் அங்கே கதவு மூடியாயிற்று. திருவொற்றியூரிலோ 1955-இன் வண்டியையே பெரிய மாற்றமின்றிச் செய்துகொண்டிருந்தார்கள். 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய்வீட்டுக்குப் பெண் சீர் கொண்டுபோன மாதிரி!

இழுப்பதற்கென்று பிறந்த வண்டி அது. நான்தான் அதை ஓடச் சொல்லி வருத்தினேன்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். கிளட்ச் மூடியைக் கழற்ற ஸ்பானரை எடுத்தார்.

"பழைய பதினாறையே மாட்டிரவா?"

எனக்குச் சபலம் விடவில்லை. "நடுவிலே ஒண்ணு இல்லையா?" என்றேன்.

"பதினேழு இருக்கு. ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. இதிலே கரிசல்லேயும் கொஞ்சம் குறை இருக்கும், மலையிலேயும் கொஞ்சம் குறை இருக்கும்."

"பரவாயில்லை, மாட்டுங்க" என்றேன்.

மறு வருஷம் அதே ஆனி மாதம், அதே மலை. மூன்றாவது கியரில், சற்றே முணுமுணுத்துக்கொண்டு, வண்டி ஏறிவிட்டது. பின்னால் இருந்தவள் இந்தத் தடவை இறங்கி நடப்பதைப் பற்றிப் பேசவில்லை. ஆரியங்காவில் டீ குடிக்கும்போதுதான் சொன்னாள்: "சமதரையிலே இவ்வளவு மெதுவாகவா வந்தோம் போன வருஷம்?"