முத்துக்குளித்துறை முதல் தரங்கம்பாடி வரை: தமிழில் ஞானோபதேசம்

கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளை முறையாகக் கற்பிப்பது ஞானோபதேசம். விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகிய மூன்றும் பெரும்பாலான சபைகளில் இதன் உள்ளடக்கம். எதை நம்புவது, எப்படி ஜெபிப்பது, எப்படி வாழ்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் இவை விடை தருகின்றன. தமிழகத்தில் ஜெபமும் உபதேசமும் தொடக்கத்திலிருந்தே ஒரே பாடமாகக் கற்பிக்கப்பட்டன.

1535க்கும் 1537க்கும் இடையில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குத் தமிழில் கற்பிக்க ஆள் இல்லை. 1542இன் இறுதியில் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, முக்கியமான ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்தார். நாளுக்கு இருமுறை பாடம் நடந்தது. பிள்ளைகள் கற்றதைப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தின் முறையை 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். ஊரார் அனைவரும் கூடி விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொல்வார்கள். அதன்பின் சவேரியார் அதை ஒவ்வொரு பிரிவாக எடுத்துச் சொல்லி, இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக வைத்து, விசுவசிக்கிறோம் என்று பதில் சொல்வார்கள். ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும், அதைத் தளராமல் நம்புவதற்கான அருளைக் கிறிஸ்துவிடம் கேட்டு ஜெபிப்பார்கள். நம்பிக்கை மனித முயற்சியால் மட்டும் வளர்வதில்லை, கேட்டுப் பெற வேண்டிய வரம் அது என்ற போதனை இந்த முறைக்குள்ளேயே இருந்தது. ஊரைவிட்டுப் புறப்படும்போது ஜெபங்களின் எழுத்துப்படி ஒன்றை அவர் அங்கே விட்டுச்செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்து நாள்தோறும் சொல்ல வேண்டும்.

அவசரமாகச் செய்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசம்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்ற பொருளை அது தந்தது. இதை உணர்ந்த சவேரியார், 1544இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதி அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். நாள்தோறும் வாயில் வரும் ஜெபமே மக்களின் நம்பிக்கையை உருவாக்குகிறது என்பதால், ஒரே சொல்லின் திருத்தமும் அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது.

இப்பணியை நிலைப்படுத்தியவர் 1546இல் இந்தியா வந்த அன்றிக் அடிகளார். அவர் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் அச்சாகி வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டு இன்று கிடைக்கும் நூல்களில் இதுவே முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் வினாவிடை வடிவிலான ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சானது. இரண்டும் உபதேச நூல்கள், ஆனால் பெயரில் இருப்பது ‘வணக்கம்’. சரியாக அறிவதும் பணிந்து தொழுவதும் ஒன்றே என்ற எண்ணத்தை அப்பெயரே காட்டுகிறது.

1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நோபிலி, உபதேசத்தை விரிவான வாதங்களோடு விளக்கும் நூல்களை எழுதினார். முன்பு போர்த்துகீசியச் சொற்கள் வழங்கிய இடங்களில் பூசை, வரப்பிரசாதம் போன்ற சொற்கள் வந்தன. கடவுளைக் குறிக்கத் தம்பிரான் என்பதற்குப் பதில் சர்வேசுரன் என்ற சொல் நிலைத்தது. ஊர்தோறும் ஜெபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைச் சந்தித்து, சபையை நடத்தியவர்கள் வேதியர்கள். குருவானவர் ஆண்டுக்கு ஓரிருமுறையே வரக்கூடிய ஊர்களில் சபையைக் காத்தவர்கள் அவர்களே. அவர்கள் எப்படி வாழவேண்டும் என்று வழிகாட்டவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். கற்பிப்பவரின் வாழ்க்கையும் பாடத்தின் பகுதி என்பது அந்நூலின் அடிப்படை.

1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் சீர்திருத்தச் சபையின் ஞானோபதேசத்தைக் கொண்டுவந்தார்கள். மார்ட்டின் லூதர் 1529இல் குடும்பத் தலைவர்களை மனத்தில் கொண்டு எழுதிய சிறிய ஞானோபதேசம் தமிழுக்கு வந்தது. கட்டளை, விசுவாசப் பிரமாணம், ஜெபம் ஒவ்வொன்றையும் கூறி, இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டு விளக்குவது அதன் முறை. காலையிலும் மாலையிலும் வீட்டில் சொல்லவேண்டிய ஜெபங்களும் அதில் உண்டு. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தபின், மனப்பாடத்தோடு வாசிப்பும் சேர்ந்தது. 1715க்குள் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. விசுவாசிகள் தாம் கற்றதை வேதவசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அப்போது திறந்தது. உபதேசியாராக ஊழியம் செய்த ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று, இந்தியர்களில் முதல் லூத்தரன் குருவானார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் சபைகள் பெருகியபோது, அவற்றைத் தாங்கியவர்களும் உபதேசியார்களே.

இவ்வாறு உருவான வழக்கம் இருபதாம் நூற்றாண்டுவரை தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேரூன்றியிருந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ‘சின்னக் குறிப்பிடம்’ படித்தே புதுநன்மைக்கு ஆயத்தமானார்கள். சீர்திருத்தச் சபைகளில் திடப்படுத்தலுக்கு முன் ஞானோபதேச வகுப்பு கட்டாயமானது. எழுத்தறியாத பாட்டிகளும் விளக்கேற்றும் வேளையில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, தாம் காதால் கேட்டுக் கற்றதை வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்று இது கத்தோலிக்கச் சபையில் மறைக்கல்வி என்றும், சீர்திருத்தச் சபைகளில் ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு என்றும் தொடர்கிறது. பாடநூல்களும் சொற்களும் மாறியிருக்கின்றன. விசுவாசப் பிரமாணமும், கர்த்தர் கற்பித்த ஜெபமும், பத்துக் கட்டளைகளும் அந்தப் பாடத்தின் நடுவிலேயே இருக்கின்றன.