மாசி பிறந்தாச்சு.. வீட்டுத் தோட்டத்தில் இப்போ என்ன செய்யணும்? களிமண் தரைன்னா இதை மறக்காதீங்க!

ஆடிப்பட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், வெயில் ஏறுவதற்கு முன்பு கிடைக்கும் மாசிப்பட்டத்தைப் பல வீடுகளில் கோட்டை விட்டுடுறாங்க. பிப்ரவரி நடுவில் பிறக்கும் மாசியில் விதைத்தால்தான், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே காய் பறிக்க முடியும்.

முதல் வேலை மண்தான்

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் பல இடங்களில் களிமண். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரத்தைக் களிமண் லேசில் விடாது. அவசரப்பட்டு ஈரத்திலேயே கொத்தினால், புரட்டிய மண் காய்ந்து செங்கல் மாதிரி கட்டியாகிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் தரை பாளம் பாளமாக வெடித்து, மண்வெட்டியே இறங்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நாள்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அரை அடி ஆழத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து உருண்டை பிடிங்க. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தால் கொத்தலாம். கையில் பிசுபிசுன்னு ஒட்டினால் நாலு நாள் பொறுக்கணும். கொத்திய மண்ணில் மக்கிய தொழு உரம் தாராளமாகப் போடலாம். 'மணல் கொட்டினா சரியாகிடும்' என்று சொல்வதை நம்பி ரெண்டு சட்டி மணல் போடுவதில் பலன் இல்லை.

எதை விதைக்கலாம்?

வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை, கீரை எல்லாமே இப்போ வரும். வெண்டை 45 நாளில் காய்க்கும். சிறுகீரையை 25 நாளில் பிடுங்கலாம். பாகல், புடலை விதையின் தோல் கடினம் என்பதால் முதல் நாள் இரவே ஊற வைக்கணும். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் கத்தரியிலும் புடலையிலும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நம்ம மாவட்டத்து ரகம் என்பதால் விதை வாங்கும்போது 'பாலூர்' பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். கத்தரிக்கு நாற்றே ஒரு மாதம் வளரணும். தை மாதத்தில் விடாதவர்கள் நாற்றாக வாங்கி நடுவதுதான் நல்லது.

கொல்லையில் முருங்கை இருந்தால் இப்போ வெட்டாதீங்க, பூவெடுக்கும் நேரம். காய் முடிந்த பிறகு கவாத்து செய்யலாம்.

வெயிலைச் சமாளிப்பது எப்படி?

சேத்தியாத்தோப்பில் சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் கரும்புத் தோகைக்குப் பஞ்சமில்லை. செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும், தரையும் வெடிக்காது. தண்டை ஒட்டிப் போட்டால் மட்டும் அழுகல் வரும்.

வெயில் கூடினால் வெள்ளை ஈயும் கூடும். வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது வைரஸ் நோய், மருந்தே கிடையாது. அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்தணும். மற்ற செடிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம்.