ஜியாலஜி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பி.காம். படிக்கிறவனுக்குப் பாறையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த வாரம் பேலன்ஸ் ஷீட்டை விட அதிகமாக என் மண்டையைக் குடைந்தது "ஜியாலஜி" என்ற ஒரு சொல்தான்.

கிரேக்க மொழியில் "கே" என்றால் பூமி. "லோகோஸ்" என்றால் பேச்சு, விளக்கம், ஆராய்ச்சி. இரண்டும் சேர்ந்தால் பூமியைப் பற்றிய அறிவு. இதோடு முடிந்திருந்தால் கட்டுரையே தேவையில்லை. சொல்லின் இரண்டு பாதியும் கிரேக்கம்தான் என்றாலும், அது பிறந்தது இடைக்கால லத்தீனில். அதுவும் வேறு அர்த்தத்தில்!

14-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் நகர பிஷப் ரிச்சர்ட் டி பரி, புத்தகக் காதலைப் பற்றி "ஃபிலோபிப்ளான்" என்று ஒரு நூல் எழுதினார். அதில் "ஜியாலஜியா" வருகிறது. கடவுளைப் பற்றிய படிப்பு தியாலஜி என்றால், மண்ணுலக விவகாரங்களைப் பற்றிய சட்டப் படிப்பு ஜியாலஜியா. அவர் கணக்குப்படி நம்முடைய மெர்க்கன்டைல் லா வகுப்பும் ஜியாலஜிதான் :-)

பூமிக்குள் கிடைப்பவற்றின் படிப்பு என்ற பொருளை 1603-இல் இத்தாலியின் அல்ட்ரோவாண்டி தந்தார். 1657-இல் நார்வேயில் ஒரு நிலநடுக்கம். அதைப் பற்றி எஷோல்ட் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் ஏறியது. 1778-இல் டி லூக் என்பவர், இதுதான் சரியான சொல், ஆனால் புழக்கத்தில் இல்லையே என்று தயங்கினார். அடுத்த ஆண்டே ஆல்ப்ஸ் மலைகளை ஆராய்ந்த சொசூர் தயங்காமல் பயன்படுத்தினார். அதன் பிறகு சொல் நிலைத்துவிட்டது.

இந்தியாவுக்கு அது அலுவலகப் பெயராக வந்தது. 1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா தொடங்கியது. முக்கிய நோக்கம் நிலக்கரி தேடுவது. அதாவது வணிகம்! அந்தத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் பக்கத்திலும் சுற்றினார். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் இவர்தான். நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு உண்டு. அதில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடிகளின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இன்று அங்கே கார் தொழிற்சாலைகள்.

சரி, தமிழில் இதற்கு என்ன பெயர்? இங்கேதான் சிக்கல். பள்ளியில் "புவியியல்" என்று படித்தது ஜியாகிரபி. கல்குவாரி, மணல் விவகாரங்களைப் பார்க்கும் அரசுத் துறையின் பெயரோ "புவியியல் மற்றும் சுரங்கத்துறை". அங்கே புவியியல் என்றால் ஜியாலஜி. ஒரே சொல், இரண்டு படிப்பு. இலங்கைத் தமிழர்கள் "புவிச்சரிதவியல்" என்கிறார்கள். பூமியின் சரித்திரம்! எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நம் பக்கம் "நிலவியல்" என்ற நல்ல சொல்லும் இருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. பிளஸ் டூ முடித்த பையனுக்கு ஜியாலஜி என்று ஒரு படிப்பு இருப்பதே தெரியாமல் போகலாம். பாலாற்று மணலையும் ஊர் மலையையும் பற்றிய அறிவிப்பைப் படிப்பவருக்கு, மேப் வரைகிற ஆபீஸ் போலிருக்கிறது என்று தோன்றலாம்.

காஞ்சிக்காரர்களுக்கு இந்தப் படிப்பு அந்நியமும் இல்லை. ஏகாம்பரநாதர் கோயில் பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது. லிங்கம் மண்ணால் ஆனது என்பதால் அதன் மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. கைலாசநாதர் கோயிலை 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியபோது, அடியில் கடினமான கருங்கல்லும் மேலே செதுக்குவதற்கு எளிதான மணற்கல்லும் வைத்தார்கள். அந்த மணற்கல்தான் இன்று அரித்துப்போய் நிற்கிறது. எந்தக் கல் எதைத் தாங்கும் என்பதும் ஜியாலஜிதானே!

அடுத்த முறை கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், சிற்பத்தைப் பார்த்த கையோடு கல்லையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் ஓட்டு எந்தச் சொல்லுக்கு? என் ஓட்டு நிலவியலுக்கு.